அபிராமியின் குரலுக்கு விழுந்த வாக்குகள்

எங்கள் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் தொலைபேசி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு வணக்கம்.

உங்கள் இப்போதைய மேலாளர் சென்னைக்காரர், மரியாதை தெரிந்தவர். "அக்கா, புதுசா வந்தவங்களுக்காக உங்க சாதனையெல்லாம் கொஞ்சம் எழுதித் தாங்க" என்று கேட்டார். சாதனைகளை அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். போகிற வருகிற நேரத்தில் நீங்களே வாசித்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது என்னுடைய பிழை ஒன்றை. அது சுவரில் இல்லை.

இந்த வேலையில் உங்களைத் திட்டுவார்கள். சாப்பிடுகிற நேரத்தில் ஏன் போன் எடுத்தாய் என்பார்கள். இந்த நம்பரை யார் தந்தது என்பார்கள். பாதிக் கேள்வியில் போனை வைப்பார்கள். முதல் வாரம் அழுகை வரும். நான் லண்டனில் ஹவுன்ஸ்லோ பக்கம் விமானப் பயணிகளிடம் படிவத்தை நீட்டிக்கொண்டு நின்ற காலத்தில், கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. திட்டியவர்களால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. என் பெயரைக் கெடுக்கப் பார்த்தது, எல்லோரும் ஆசை ஆசையாகப் பதில் சொன்ன ஒரு கணிப்பு.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் நடந்தது இது. ஹரோ பக்கம் ஒரு கவுன்சில் வட்டாரத்தில் இடைத்தேர்தல் வந்தது. எங்கள் இலங்கைத் தமிழர் நிறைய இருக்கிற வட்டாரம். இரண்டு தமிழர் சுயேச்சையாக நிற்க முன்வந்தார்கள். ஒருவர் குகதாசன், மருந்துக்கடை வைத்திருப்பவர். இன்னொருவர் பவானி, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்பவர். இருவரும் வேட்புமனுவைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பகுதியில் நேசன் என்பவர் இணையத்தில் ஒரு தமிழ் வானொலி நடத்திக்கொண்டிருந்தார். பாட்டுக் குறைவு, பேச்சு அதிகம். பக்கச்சார்பை ஒளிக்கிற பழக்கம் அங்கே கிடையாது. காலையில் ஒருவரைத் திட்டுவதென்று முடிவெடுத்தால் பின்னேரம் வரைக்கும் அவரைத்தான் திட்டுவார்கள். கேட்கிறவர்களுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் வானொலிக்குப் போன் எடுப்பார்கள், போன் அடித்துக்கொண்டே இருந்தால் நகைக்கடைக்காரரும் சட்டத்தரணியும் விளம்பரம் தருவார்கள். அந்த வியாபாரத்தின் சூத்திரம் இவ்வளவுதான். நேசனைக் கெட்ட மனிதரென்று நினைத்துவிடாதீர்கள். நல்லது செய்கிறோம் என்று முழுமனதாக நம்புகிறவர். அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்வதுதான் கஷ்டம்.

அந்த வானொலி முதல் நாளிலிருந்தே குகதாசன் பக்கம். ஆனால் பவானியும் நிற்பது நேசனுக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. என்னிடம் வந்தபோது சொன்னார்: "அக்கா, எங்கட வோட்டு ரெண்டாப் பிரிஞ்சா மூண்டாம் ஆள் சும்மா வெண்டுபோவான். ஒரு கருத்துக்கணிப்பு எடுப்பம். குறைய வாக்கு வாற ஆள் விலகிறது. ரெண்டு பேரும் சம்மதம்."

சம்மதம் என்றால் சாதாரணச் சம்மதம் இல்லை. இரண்டு பேரையும் கலையகத்தில் உட்காரவைத்து, நேரலையில், எல்லோரும் கேட்கச் சொல்ல வைத்திருந்தார். "குறைஞ்சால் நான் விலகிறன்" என்று குகதாசனும் சொன்னார், பவானியும் சொன்னார். வேட்புமனுவைத் திரும்பப் பெறுவதென்றால் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முன்னர் கவுன்சில் அலுவலகத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். நாலு மணி ஒரு நிமிடம் என்றால் வாங்க மாட்டார்கள். ஆகவே கணிப்பு முடிவு அதே வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வானொலியில் என்று ஏற்பாடு.

வேலையை நான் பொறுப்பெடுத்தேன். முதல் இரண்டு நாள் எங்கள் வழமையான ஆட்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். பாதிப்பேர் "நோ தாங்ஸ்" என்று வைத்துவிட்டார்கள். தமிழில் நன்றாகக் கதைக்கக்கூடியவர்கள் என்னிடம் போதவில்லை. நேசனிடம் சொன்னேன். "இதுக்கேன் அக்கா கவலைப்படுறியள்? எங்கட பிள்ளையளைத் தாறன்" என்று தன் அறிவிப்பாளர்கள் மூன்று பேரை அனுப்பிவைத்தார். அவர்களில் முன்னால் நின்றவள் அபிராமி. காலை நிகழ்ச்சி செய்கிறவள். தெளிவான உச்சரிப்பு, பொறுமை, எந்தக் கிழவரையும் "ஐயா" என்று இளக வைக்கிற குரல்.

அதற்குப் பிறகு நடந்ததைப் போல ஒரு கணிப்பை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. ஒருவரும் போனை வைக்கவில்லை. ஒருவரும் திட்டவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில். சிலர் நன்றி கூடச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முடிவைப் பார்த்தால் குகதாசன் பவானியை எங்கேயோ விட்டுவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்த முதல் மேலாளர் ஓர் ஐரிஷ்காரி. ஒவ்வொரு கணிப்பிலும் சில ஒலிப்பதிவுகளையாவது முழுதாகக் கேட்காமல் கையெழுத்து வைக்காதே என்பார். திட்டுகிறவர்களின் பதிவை விடு, சந்தோஷமாகப் பேசுகிறவர்களின் பதிவைக் கேள் என்பார். திட்டுகிறவருக்கு உன்னைத் திருப்திப்படுத்த வேண்டிய தேவை இல்லையாம். அத்தனை வருடமும் அதைத் தவறாமல் செய்தவள் நான். இந்த முறை செய்யவில்லை. எல்லாம் இவ்வளவு நன்றாகப் போகும்போது என்னத்தைக் கேட்பது என்று வியாழக்கிழமை பின்னேரம் முடிவின் கீழே கையெழுத்தை வைத்துவிட்டேன். இதற்கு மேல் சாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஹரோவுக்குப் புறப்பட்டேன். பன்னிரண்டு மணி நிகழ்ச்சியில் நானும் வந்து முடிவை விளக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நல்ல வெயில். உட்கார இடமும் கிடைத்தது. அந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு பாராட்டுக் கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. சும்மா நன்றி என்று எழுதாமல், இந்த இடத்தில் இப்படிப் பேசியது அழகு என்று குறிப்பாக எழுதினால் சந்தோஷப்படுவார்கள் அல்லவா? காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கைபேசியில் அபிராமி எடுத்த முதல் பேட்டியைப் போட்டேன்.

"வணக்கம் அம்மா. ஒரு கருத்துக்கணிப்புக்காக எடுக்கிறம். ரெண்டு நிமிசம் கதைக்க ஏலுமோ?"

"அட, எங்கட அபிராமியெல்லே! காலமை உம்மட குரலைக் கேட்டுக்கொண்டுதான் நான் தேத்தண்ணி வைக்கிறது."

"ஓம் அம்மா, நான்தான்." பிள்ளை சிரிக்கிறாள். பிறகு கேள்வியைப் படிக்கிறாள், ஒரு சொல் கூட மாறாமல். "வாற தேர்தலில நீங்கள் ஆருக்கு வாக்களிக்கிறதா இருக்கிறியள்?"

"நீர் சொல்லும் பிள்ளை. என்னெண்டு எழுதோணும்?"

பதிவை நிறுத்தி, அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். அபிராமி ஒழுங்கான பிள்ளை. "நான் சொல்லக்கூடாது அம்மா, உங்கட விருப்பம்" என்கிறாள். அந்த அம்மா அதற்கும் சிரித்து, "உங்கட ஆள் குகதாசன்தானே, அவரையே போட்டுவிடும்" என்கிறார்.

அடுத்ததைப் போட்டேன். ஒரு ஐயா. "ரேடியோவில சொல்லுற ஆளுக்குத்தான் மோனை" என்கிறார். அடுத்தது ஒரு இளம் குடும்பப்பெண். குரலைக் கேட்டதும் "ஓ மை கோட், அபிராமி அக்கா!" என்று கத்திவிட்டு, வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிடுகிறாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் குகதாசன்தான். ஹரோ ஸ்டேஷனில் இறங்கி, ரயில் மேடையில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து இன்னும் கேட்டேன். மற்ற இரண்டு அறிவிப்பாளர்களின் பதிவுகளும் இதே மாதிரி. குரலைக் கண்டுபிடித்ததாக வாய்விட்டுச் சொல்லாதவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் கண்டுபிடிக்கவில்லையா, கண்டுபிடித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்களா என்று யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளே, என் பிழை உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் சனத்துக்கு முகத்துக்கு நேரே ஒருவரிடம் இல்லை என்று சொல்ல வராது. விருந்துக்கு வரச் சொன்னால் போக மாட்டோம் என்று தெரிந்தும் "ஓம், கட்டாயம் வாறம்" என்கிறவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட சனத்திடம், தினமும் காலையில் தங்கள் சமையலறையில் கேட்கிற குரலை அனுப்பி, அந்தக் குரல் ஆதரிக்கிற ஆளைப் பற்றிக் கேள்வி கேட்க வைத்தேன். அவர்கள் அபிராமிக்கு மனம் நோகக்கூடாது என்று பதில் சொன்னார்கள். நானும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

அப்போது நேரம் பத்தரை. எங்கள் அப்போதைய மேலாளருக்குப் போன் எடுத்தேன். அவர் அந்த நேரம் விமானத்தில் இருந்தார். திரும்பக் கணிப்பு எடுக்க நேரமில்லை. குரலைக் கண்டுபிடித்தவர்களை நீக்கிவிட்டு மிச்சத்தை எண்ணலாமா என்று பார்த்தேன், மிச்சம் ஒரு கைப்பிடி. பிறகு ஒரு கெட்ட யோசனை வந்தது. அடியில் ஒரு குறிப்பு எழுதிவிடலாம்: "சில பதில்களில் பேட்டி எடுப்பவரின் தாக்கம் இருக்கலாம்." அந்த வசனத்தை மனதுக்குள் அழகாக எழுதியும் முடித்துவிட்டேன். அப்படி எழுதினால் நான் தப்பலாம். ஆனால் வானொலியில் அடிக்குறிப்பை ஒருவரும் வாசிப்பதில்லை. பவானி எண்ணை மட்டும் கேட்டுவிட்டுக் கவுன்சிலுக்குப் போவார்.

அந்த வாங்கில் இருந்தபோது, திரும்பிப் போகிற ரயிலில் ஏறிவிடலாமா என்று பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துணிச்சலோடு போனேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்க் கணிப்பாகிவிடும்.

வானொலி நிலையம் ஒரு சேலைக்கடைக்கு மேலே. படி ஏறினால் முன்னறை. அங்கே கிடந்த நீளக் கதிரையின் ஒரு நுனியில் குகதாசன், மறு நுனியில் பவானி. நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். பவானியின் மடியில் கைப்பை, கைப்பையின் மேல் ஒரு மண்ணிறக் கடித உறை. இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார் போல, கண் சிவந்திருந்தது. "அக்கா, விலகல் கடிதத்தில கையெழுத்து வைச்சுக் கொண்டந்திட்டன். தேவைப்பட்டால் இங்கயிருந்து நேர போய்க் குடுக்கலாமெல்லே" என்றார். என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார். என்னால் அந்த உறையைப் பார்க்க முடியவில்லை.

முதலில் நேசனின் அறைக்குள் போனேன். அபிராமியும் அங்கே நின்றாள். இந்தக் கணிப்பை வெளியிட முடியாது, முடிவு பிழை என்று சொன்னேன்.

"அக்கா, பகிடி விடுற நேரமே இது?"

"பகிடி இல்லைத் தம்பி. சனம் அபிராமியின்ர குரலைக் கண்டுபிடிச்சிட்டுது. அவளுக்காகப் பதில் சொல்லியிருக்கு. நான் கேட்டுப்போட்டுத்தான் வாறன்."

"நீங்கள்தானே நேற்றுக் கையெழுத்து வைச்சுத் தந்தனீங்கள்?"

"ஓம். கேக்காமல் வைச்சனான். அது என்ர பிழை."

நேசன் அபிராமி பக்கம் திரும்பினார். "நீர் என்னத்துக்கு ஓம் நான்தான் எண்டு சொன்னனீர்? பேரை மாத்திச் சொல்லியிருக்கலாமே!" அவளுக்கு முகம் செத்துப்போனது. "நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை அக்கா" என்று என்னிடம் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை, நான் கேட்டனான். நீர் ஒரு பிழையும் விடேல்லை. தம்பி, அவளை ஏசாதையும். அவளைக் கேள்வி கேக்க விட்டது நான்."

இதை ஞாபகம் வைத்திருங்கள். நெருக்கடி வந்தால் பழி எப்போதும் கீழே இருக்கிறவரைத் தேடித்தான் போகும். அது உங்களுக்குக் கீழே இருக்கிறவரிடம் போகும்போது குறுக்கே நில்லுங்கள்.

நேசன் மேசையிலிருந்த தாளை எடுத்தார். "முடிவு என்ர கையில கிடக்கு. நீங்கள் வராட்டி நானே வாசிக்கிறன். மூண்டு கிழமையா விளம்பரம் செய்த விசயம், அக்கா. விட ஏலாது."

"வாசியும். பன்ரண்டு அஞ்சுக்கு எங்கட கொம்பனியின்ர மறுப்பு மற்ற ரேடியோக்கள் எல்லாத்துக்கும் போகும். எழுதி வைச்சிட்டுத்தான் வந்தனான்."

உண்மையில் நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுத அனுமதி தரவேண்டியவர் ஆகாயத்தில் இருந்தார். அந்த நாள் முழுவதும் நான் சொன்ன ஒரே பொய் அது, அதற்காக எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. நேசன் தாளை மேசையில் போட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு முன்னறைக்கு வந்தேன். பவானியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல மனம் துடித்தது. ஆனால் அப்படிச் செய்யக்கூடாது. ஒருவருக்குச் சொல்வதை மற்றவருக்கும் அதே நேரத்தில், அதே வார்த்தைகளில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாங்களும் ஒரு பக்கம் சேர்ந்தவர்களாகிவிடுவோம். அந்த நீளக் கதிரையின் நடுவில் போய் உட்கார்ந்து, கணிப்பில் குகதாசன் முன்னுக்கு வந்ததையும் அந்த எண்ணை ஏன் நம்ப முடியாது என்பதையும் இரண்டு பேருக்கும் சொன்னேன்.

குகதாசன்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப நான் வெண்டது பொய்யோ?"

"பொய்யோ மெய்யோ எண்டு எனக்குத் தெரியாது. அதுதான் கரைச்சல். உண்மையா நீங்கள் முன்னுக்கு நிக்கவும் கூடும்."

"அப்பிடியெண்டால் விடுங்கோவன். ரேடியோவில சொன்ன சொல்லெல்லே. முடிவை அப்பிடியே எடுப்பம்."

பவானி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, நான் சனம் கேக்கத்தக்கதாச் சொன்னனான். முடிவை வெளியில விடாமல் நான் பேசாமல் நிண்டால், தோத்துப்போய் ஏமாத்திப்போட்டா எண்டுதான் கதைக்கும். அந்தப் பேரோட நான் எப்பிடி வீடு வீடாப் போய் வோட்டுக் கேக்கிறது?" பிறகு நேராக என்னைப் பார்த்தார். "இப்ப இதைக் குடுக்கிறதோ, விடுறதோ?"

என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. குடுக்காதேங்கோ என்று கத்த வேண்டும்போல இருந்தது. "அதை நான் சொல்லக்கூடாது தங்கச்சி" என்றேன். "ஆனால் நடந்ததை ரேடியோவிலயே சொல்லுறன்."

நேரம் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். நேசன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்கள் சொன்னால் என்ர ரேடியோ சிரிப்பாச் சிரிச்சுப்போம்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற அபிராமி முன்னால் வந்தாள். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், தனக்கு எதிரே இருந்த கதிரையில் இருத்தினாள். அன்றைய நிகழ்ச்சியைச் செய்ய வேண்டியவள் அவள்தான்.

விளம்பர இசை முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் சொல்லத் தொடங்கினேன். ஒலிவாங்கிக்கு முன்னால் என் குரல் யாரோ ஒருவருடையதைப் போல இருந்தது. கணிப்பு எடுத்தோம், எடுத்த விதம் பிழை, பிழை என்னுடையது, இதை நம்பி ஒருவரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று சொல்லி முடித்தேன். இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது.

அப்போது அபிராமி, ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு காரியம் செய்தாள். "அன்பான நேயர்களே, போன கிழமை உங்களில கனபேரோட நான் கதைச்சனான். என்ர குரல் எண்டபடியா நீங்கள் பதிலை மாத்திச் சொன்னனீங்களோ? எனக்கு மனம் நோகாது. உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள்.

தொலைபேசிப் பெட்டியில் ஒரு விளக்கு மினுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எல்லா இணைப்பும் நிறைந்துவிட்டது.

முதலில் ஒரு ஐயா. "பிள்ளை, என்னைக் கோபிக்கக்கூடாது. நான் பவானிக்குத்தான் போடுறது. என்ர மனிசி ஆசுப்பத்திரியில கிடக்கேக்க பாத்தவ. உம்மட முகத்தை முறிக்க மனம் வரேல்லை. அதுதான் மற்றவரைச் சொன்னனான்."

அடுத்து ஒரு அம்மா. "நான் உள்ளதைத்தான் சொன்னனான். குகதாசன்தான். இப்பவும் அதைத்தான் சொல்லுறன். என்னை அந்தப் பொய்க்காரரோட சேக்காதேங்கோ!"

மூன்றாவது ஒருவர், வலு சங்கடத்தோடு: "தங்கச்சி, எனக்கு அந்த வட்டாரத்தில வோட்டே இல்லை. மகளோட சவுத்தாலுக்கு வந்திட்டன். வீட்டுப் போன் இங்கயும் அதே நம்பர். நீர் கேட்டபடியா ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

அபிராமி சிரித்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன். அது நேரலையில் போனது. வந்துகொண்டே இருந்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேசனைப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு முன்னர் உலகமே அழிந்துவிட்டது போல நின்ற மனிதர், மினுங்குகிற விளக்குகளை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். இடைவேளையில் ஓடிவந்தார். "அக்கா! இதை எண்ணிப் பாத்தால் பவானிதான் முன்னுக்கு நிக்கிறா! இதையே புது முடிவெண்டு சொல்லுவமே?"

"தம்பி, வாயைப் பொத்தும். போன் எடுக்கிறவை எடுத்தவை. எடுக்காதவையை ஆர் எண்ணினது?"

இதுதான் எங்களுக்கும் வானொலிக்கும் உள்ள வித்தியாசம். அவர்களுக்குப் பேசுகிறவர்கள் போதும். நாங்கள் பேசாமல் வீட்டில் இருக்கிறவர்களையும் தேடிப்போக வேண்டும். நேசன் இதை ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. ஆனால் எண்ணவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது குகதாசன் எழுந்து நின்றார். "சரி. ரெண்டு பேரும் நிப்பம்" என்று பவானியிடம் சொல்லிவிட்டு, மருந்துக்கடையைத் திறக்க வேண்டும் என்று போய்விட்டார். அந்த மனிதர் அந்த நேரத்தில் பெரிய மனிதராகத்தான் நடந்தார்.

பவானி போகவில்லை. நானும் போகவில்லை. கீழே சேலைக்கடைக்காரர் தேநீர் அனுப்பினார். மூன்றரை ஆனது. மூன்றே முக்கால் ஆனது. பவானி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த மண்ணிற உறையின் பின்பக்கத்தில் என்னவோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். பால், வெண்டிக்காய், மகனுக்கு ஷூ லேஸ். சுவர்க்கடிகாரம் நாலைத் தாண்டியது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மேலாளர் விமானத்திலிருந்து இறங்கியதும் நடந்ததைச் சொன்னேன். "நேற்று வைத்த கையெழுத்தை இன்று நீயே அழித்தாய், நல்லது" என்றார். இரண்டு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார், அது எனக்குத் தகும். வேலை போகவில்லை.

தேர்தல் நடந்தது. இருவரும் தோற்றார்கள். நேசன் பயந்தது போலவே வாக்குப் பிரிந்து, மூன்றாம் ஆள் வென்றார். பவானி இரண்டாவது, குகதாசன் அவருக்கு அடுத்தது. "பாத்தீங்களே அக்கா, நான் அப்பவே சொன்னனான்" என்று நேசன் போன் எடுத்துச் சொன்னார். சொன்னது உண்மைதான். ஆனாலும் அன்று நான் நிம்மதியாக இருந்தேன். பவானியைத் தோற்கடித்தது வட்டாரத்துச் சனம். சனத்துக்கு அந்த உரிமை இருக்கிறது, எனக்கு இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பவானியே போன் எடுத்தார். குரலில் ஒரு கவலையும் இல்லை. அடுத்த முறையும் நிற்கப்போவதாகச் சொன்னார். நன்றி சொன்னார். வைக்கப்போகும்போது, "அக்கா, ஒரு விசயம் சொல்லோணும், ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். இப்போது அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

"அந்தக் கணிப்புக்கு அபிராமி எனக்கும் போன் எடுத்தவ. நான் ஆரெண்டு அவவுக்குத் தெரியாது. ஆருக்கு வோட்டுப் போடுவியள் எண்டு கேட்டவ."

"என்ன சொன்னனீங்கள்?"

"குகதாசன் எண்டு சொன்னனான்."

என் காதை நான் நம்பவில்லை. "உங்களுக்கு எதிராவோ? அந்தக் கணக்கை நம்பித்தானே நீங்கள் விலக இருந்தனீங்கள்!"

"என்ன செய்யிறது அக்கா? அந்தப் பிள்ளை அவ்வளவு அன்பாக் கேக்குது. எனக்குத்தான் எண்டு நானே எப்பிடிச் சொல்லுறது, வெக்கமாக் கிடந்தது." பிறகு சிரித்தார். "ஆனா, வாக்குச்சாவடியில ஒருத்தரும் கேக்கேல்லை. அங்க எனக்குத்தான் போட்டனான்."